அவளுக்கு ரெண்டு நாண்

ஐயோ, சண்டை போட வரல சார். முதல்ல உக்காருங்க. நான் யாருன்னு சொன்னதும் கையில இருந்த பெயிண்ட் டின்ன வச்சுட்டு விருட்டுன்னு எந்திரிச்சுட்டீங்க, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. நான் கார் சீட் தைக்கறவன் சார். ஊசியத் தவிர எதையும் யார் மேலயும் ஓங்கினதில்ல. அவளோட பழைய புருஷன், அவ்வளவுதான்.

ஒரு பொருள் குடுக்கணும். அத எப்படிப் பார்த்துக்கணும்னு சொல்லணும். சொல்லிட்டுக் கிளம்பிடுவேன். கடைக்கு ஆள் வந்தா நீங்க கவனிங்க, நான் ஓரமா நிக்கறேன்.

இந்தாங்க, பிரிச்சுப் பாருங்க. நாண். வில்லுல மாட்டறது. ஸ்ட்ரிங்னு சொல்லித்தான் உங்களுக்குப் பழக்கமா இருக்கும், அவ அப்படித்தான் சொல்லுவா. நான் நாணுன்னா, ஆமா பெரிய ராஜா காலத்து ஆளுன்னு கிண்டல் பண்ணுவா. ரெண்டு செஞ்சிருக்கேன். ஒண்ணு வில்லுல இருக்கணும், ஒண்ணு பையில இருக்கணும்.

கிளப் கோச் போன் பண்ணினார் சார். அவ இன்னும் நான் கடைசியா செஞ்சு குடுத்த நாண்லதான் அம்பு விடறாளாம். நுனியில வளையம் இருக்குல்ல, அங்க இழை அறுந்து நீட்டிட்டு இருக்காம். மாத்தும்மான்னா சரிங்கறாளாம், மாத்தறதில்ல. கடையில ஒண்ணு வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கா, கைக்கு ஒத்து வரலன்னு அன்னிக்கே கழட்டிட்டா. மாசக் கடைசியில செலக்‌ஷன் போட்டி, அது உங்களுக்கே தெரியும். இதுல விட்டா இனிமே வயசு இடம் குடுக்காதுங்கறார் கோச்.

போட்டி கூடப் போகட்டும் சார். அவ நாண இழுத்துத் தாடையில ஒட்டி வச்சுக்கிட்டு நிப்பா, பார்த்திருப்பீங்க. அந்த நேரத்துல அது அறுந்துச்சுன்னா சாட்டை மாதிரி சுழண்டு வரும். முகம் சார். கண்ணு.

என்கிட்டயே கேட்டிருக்கலாமேன்னா? கேக்க மாட்டா. அதுக்கு வரேன். முதல்ல இதச் சொல்லி முடிச்சுடறேன்.

விரல்ல தடவிப் பாருங்க. வழவழன்னு லேசா ஒட்டுதா? அது மெழுகு. இழைங்க எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து இருக்கணும்னா மெழுகு வேணும். காஞ்சு போச்சுன்னா நாண் மேல பூனை முடி மாதிரி எழும்பும். பார்த்த உடனே தடவிடணும். இதோ, கட்டியும் கொண்டு வந்திருக்கேன். மேல சும்மா பூசினா போதாது. ஒரு தோல் துண்ட மடிச்சு, நாணப் பிடிச்சு மேலயும் கீழயும் வேகமாத் தேய்க்கணும். சூடு ஏறும், மெழுகு இளகி உள்ள இறங்கும். கைய எடுத்தா உள்ளங்கை கதகதன்னு இருக்கும். நல்ல வேலை சார் அது. தினம் வேண்டாம். அவ எவ்வளவு விடறாளோ அதப் பொறுத்து. முடி எழும்பினா தடவுங்க.

நடுவுல வேற நூல் சுத்தியிருக்கு பாருங்க, அம்பு வந்து உக்கார்ற இடம். அங்க மட்டும் மெழுகே வேண்டாம். விரல் வழுக்கும், அம்பும் சரியா நிக்காது. சுத்து நூல் தளர்ந்து இழைக்கு நடுவுல சந்து தெரிஞ்சா கோச்கிட்ட குடுங்க, அவர் சுத்திக் குடுப்பார். ஆனா உள்ள இருக்கற இழை ஒண்ணு அறுந்திருந்தாக் கூட ஒட்டுப் போட்டெல்லாம் பார்க்கக் கூடாது. கழட்டித் தூர எறிஞ்சுடணும். அவ வேண்டாம்பா. இன்னும் கொஞ்ச நாள் வரும்பா. கேக்காதீங்க.

அந்த அம்மா ரொம்ப நேரமா நிக்கறாங்க. பாருங்க, பாருங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

...டின்ன உள்ள வச்சா மெஷினே குலுக்கிக் குடுத்துடுமா? பரவாயில்லயே. நான் இன்னமும் குச்சிய விட்டுத்தான் கலக்குவாங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

அவளே பண்ணிக்க மாட்டாளான்னு கேட்டீங்கல்ல. மாட்டா சார். அம்பு விடறதுல அவ கெட்டி, அத விட்டா மத்ததெல்லாம் அவ கண்ணுக்கே தெரியாது. வெயில்ல நிக்கற காருக்குள்ள வில்ல வச்சு, கதவச் சாத்திட்டு வந்துடுவா. மெழுகெல்லாம் இளகி நாண் வியர்த்துப் போய்க் கிடக்கும். மழையில நனைஞ்சா அப்படியே பைக்குள்ள திணிச்சு ஜிப்ப இழுத்துடுவா. வீட்டுக்கு வந்ததும் நீங்களே பையத் திறந்து, நாண எடுத்துத் துணியால ஒத்தி, காத்தாட வைங்க. காஞ்சப்புறம் மெழுகு. திட்டாதீங்க. திட்டினா தடவாமலே விட்டுடுவா, வீம்புக்கு.

அப்புறம், கழட்டறப்ப ஒரு விஷயம். நாணுக்கு முறுக்கு இருக்கு. அந்த முறுக்கு கூடினா நாண் குறுகும், குறைஞ்சா நீளும், வில்லுக்கும் நாணுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி மாறிப் போயிடும். அம்பு அவ நினைச்ச இடத்துக்குப் போகாது, தன் கை மேல சந்தேகப்பட ஆரம்பிச்சுடுவா. அதனால கழட்டினதும் ரெண்டு வளையத்தையும் ஒண்ணாச் சேர்த்துக் கட்டிடுங்க. முறுக்கு ஓடாது. இதோ இப்படி. எங்க, நீங்க ஒரு தடவை கட்டுங்க. ஆங், அதேதான். உங்களுக்குக் கை வருது.

நானா? நான் ஒரு அம்பு கூட விட்டதில்ல சார். கிழிஞ்ச வில்லுப் பையத் தைக்கணும்னு அவ என் கடைக்கு வந்தா. உள்ள என்னம்மா இருக்குன்னேன், திறந்து காட்டினா. நாண் பஞ்சு பஞ்சா இருந்துச்சு. இந்த நூல் என்ன நூல்னு கேட்டேன், அவளுக்குத் தெரியல. எனக்குத் தெரியாத நூலான்னு ஒரு திமிரு. சீட் தைக்கற நூல்ல நானே ஒண்ணு முறுக்கிக் குடுத்தேன். மைதானத்துக்கு வந்து பாருன்னா. போய் நின்னேன். நாண இழுத்தா, அது பாட்டுக்கு இழுபடுது சார், ஜவ்வு மாதிரி. விட்டா. கோழி முட்டை போட்ட மாதிரி அம்பு அவ கால்கிட்டயே விழுந்துச்சு. சிரிச்சா பாருங்க. வில்லத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே தரையில உக்காந்து சிரிச்சா. அப்புறம் கோச்கிட்ட கேட்டு, சரியான நூல் வாங்கி, தப்பும் தவறுமாக் கத்துக்கிட்டேன். கல்யாணம் ஆகிக் கூட இருந்த வரைக்கும் வேற யார் செஞ்ச நாணும் அவ வில்லுல ஏறினதில்ல.

என்ன சொன்னா உங்ககிட்ட? ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகலன்னா? சரிதான். அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கறதுன்னு பேசி வச்சோம்.

பாப்பா போனது தெரியுமில்ல? ம். சொல்லாம இருக்க மாட்டா. ஸ்கூல்ல சேர்த்த வருஷம் சார். காய்ச்சல்னு தூக்கிட்டுப் போனோம். நல்லாத்தான் பார்த்தாங்க, யாரையும் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. வெறும் கையோட வந்தோம்.

அதுக்கப்புறம் அவ பல நாள் படுக்கைய விட்டு எந்திரிக்கல. நான்தான் வில்ல எடுத்துக் காட்டி, ஒரே ஒரு தடவை போயிட்டு வான்னு கெஞ்சினேன். புது நாண் செய்யறேன் பாருன்னு எதிர்லயே உக்காந்து செஞ்சேன். போனா. பொழுது சாயற வரைக்கும் விட்டுட்டு வந்தா. எனக்கு உசுரு வந்த மாதிரி இருந்துச்சு. இனிமே தேறிடுவான்னு நினைச்சேன்.

அவ தேறினா சார். வீட்டுக்கு வெளியில. வீட்டுக்குள்ள என்னப் பார்க்க மாட்டா. சாப்பிடும்போது தட்டத்தான் பார்ப்பா. பேசினா, ஜன்னலப் பார்த்துப் பேசுவா. பொண்ணப் பறிகுடுத்தவதானே, போகட்டும்னு விட்டேன். ஒரு நாள் சாயங்காலம் மேசையில உக்காந்து அவ நாணுக்கு மெழுகு போட்டுட்டு இருக்கேன். எதிர்ல வந்து நின்னவ, அப்படியே நிக்கறா. என்னன்னு நிமிர்ந்தேன். வாயப் பொத்திக்கிட்டு பாத்ரூமுக்கு ஓடிட்டா. கதவத் தட்டித் தட்டி ஓஞ்சு போனேன். உள்ள இருந்தே சொன்னா, நாக்கத் துருத்தாத, தயவு செஞ்சு துருத்தாதன்னு.

எனக்கு முதல்ல புரியவே இல்ல. கவனமா வேலை செய்யும்போது எனக்கு நாக்கு நுனி வாயோரமா வெளிய வந்துடும் போல. எனக்கே தெரியாது. பாப்பாவும் கலர் அடிக்கும்போது அப்படித்தான் வச்சிருப்பா.

என்ன உரிச்சு வச்ச மாதிரி இருப்பா சார் பாப்பா. ஆஸ்பத்திரியில பொறந்த அன்னிக்கே நர்ஸம்மா, இது அப்பாவோட ஜெராக்ஸ்னாங்க. எவ்வளவு பெருமை எனக்கு! பார்க்கறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

தாடி வளர்த்துப் பார்த்தேன். மொட்டை அடிச்சுப் பார்த்தேன், அது இன்னும் மோசமாப் போச்சு, குழந்தையில பாப்பாவுக்கு முடியே கிடையாது. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், பவர் இல்லாத கண்ணாடி. கண்ண என்ன பண்றது? அவ ஒரு நாள் என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு, நெஞ்சுல தலைய முட்டிக்கிட்டு, நிமிராமலே அழுதா. உன் மேல கோவம் இல்ல, உன்ன மாதிரி ஒரு மனுஷன் கிடைக்க மாட்டான், ஆனா பார்க்க முடியலன்னா. நான் என்ன சார் பண்ணுவேன்? ஊர்ல எவனாவது பொண்டாட்டி கண்ணுல படாமக் குடும்பம் நடத்த முடியுமா? பழைய துணிய ஒரு பையில போட்டுக்கிட்டுக் கடை மாடிக்குக் குடி வந்துட்டேன். அப்புறம் கையெழுத்துப் போடற வேலை, அதையும் தனித்தனியாப் போய்ப் போட்டோம்.

இல்ல, தண்ணி வேண்டாம் சார். நீங்க குடிங்க.

கிளப் சுவத்துக்குப் பெயிண்ட் எடுத்துட்டுப் போனப்பதான் உங்களுக்குள்ள பழக்கம்னு கோச் சொன்னார். நல்ல மனுஷன்னும் சொன்னார். சந்தோஷம். அவ சிரிக்கறாளாமே இப்பல்லாம்? சிரிச்சா விடாம சிரிப்பா, உங்களுக்கே வயிறு வலிக்கும்.

நாண் நான் செஞ்சதுன்னு சொல்லிடுங்க. மறைச்சாலும் தொட்ட உடனே தெரிஞ்சுடும் அவளுக்கு. புதுசு கொஞ்சம் இழுபடும், போட்டிக்கு முன்னாடியே போட்டுப் பழகச் சொல்லுங்க. ரெண்டையுமே.

ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? நாணக் கோச்கிட்டயே குடுத்திருக்கலாம். அவரும் அதத்தான் சொன்னார், மெழுகு போடறதெல்லாம் அவருக்குத் தெரியாததா? நான் உங்களப் பார்க்கணும்னுதான் வந்தேன். ஆள் எப்படி, குணம் எப்படின்னு இல்ல, அதெல்லாம் அவ பார்த்துக்குவா. மூஞ்சியப் பார்க்கணும்னு. படி ஏறும்போதே பார்த்துட்டேன். அந்த அம்மாகிட்ட சிரிச்சுப் பேசினீங்கல்ல, அப்பவும் பார்த்தேன். உங்களுக்கு நல்ல அகலமான முகம். புருவம் தள்ளித் தள்ளி இருக்கு. காது ஒட்டினாப்பல இருக்கு. பாப்பா ஜாடை ஒண்ணு கூட இல்ல சார்.

நிம்மதியா இருக்கு. வரேன்.