உரி

வலது கையில் கட்டைவிரலுக்குக் கீழே எனக்கு ஒரு வலி இருக்கிறது. காலையில் டம்ளரைத் தூக்கும்போது தெரியும், அப்புறம் மறந்துபோகும். எங்கள் வேலையில் இருக்கிற எல்லாருக்கும் வருவதுதான். நாள் முழுக்க ஒரு கைப்பிடியைப் பிடித்து முகத்தின் மேல் ஒரே அழுத்தமாக வைத்து எடுக்க வேண்டும். மாத்திரை போட மாட்டேன். கை எங்கே வலிக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே அழுத்துகிறோம் என்றும் தெரியும்.

நீங்கள் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்து வக்கீல் என்றீர்கள், மேடம். சந்திரம்மா அனுப்பவில்லை, சங்கம்தான் அனுப்பியது என்றும் சொன்னீர்கள். அவள் அனுப்பியிருக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். சேலத்திலிருந்து இங்கே பெங்களூருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது என்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

தொம்மலூரில் டாக்டர் வித்யாலட்சுமியின் ஸ்கின் கிளினிக்கில் நான் மிஷின் போடுகிறவள். வயசானால் கன்னமும் தாடையும் தொங்கும் இல்லையா, அதைக் கத்தி வைக்காமல் இறுக்குகிற மிஷின். தோலுக்கு மேலே குளிர்ச்சி அடிக்கும், அடியில் சூட்டை இறக்கும். சூடு பட்டால் உள்ளே இருக்கிற நார் சுருங்கும், தோல் ஏறும். டாக்டர் முகத்தைப் பார்த்துப் பென்சிலால் கோடு போடுவார். கை வைப்பது நான்.

மிஷினில் எண் இருக்கிறது. அது மிஷின் தருகிற சூட்டின் எண். முகம் வாங்குகிற சூட்டுக்கு எண் கிடையாது. அது படுத்திருப்பவர் வாயில்தான் இருக்கிறது. வெதுவெதுப்பா இருக்கா, சூடா இருக்கா, எரியுதா என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். எரிகிறது என்றால் நிறுத்த வேண்டும். இந்த மிஷினுக்கு மரத்துப்போகிற க்ரீமை அதிகம் பூசக் கூடாது என்று ட்ரெய்னிங்கில் சொன்னார்கள். மரத்துப்போனவள் லேட்டாகத்தான் சொல்வாள்.

சூடு எனக்குப் புதிதில்லை. என் அப்பா ஸ்ரீராம்புரத்தில் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். கரி போடுகிற பித்தளைப் பெட்டி, என் ஒரு கையால் தூக்க முடியாது. யாராவது பட்டுப்புடவை கொண்டுவந்தால் அப்பா அதை எடுத்தவுடன் தொட மாட்டார். வண்டிக்கு அடியில் ஒரு கிழிந்த துணி கிடக்கும். அதில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். பழுப்பு ஏறினால் பெட்டியைக் கொஞ்சம் ஆறவிடுவார். அந்தத் துணி முழுக்கப் பெட்டி வைத்த தடம்தான். அதற்காக யாரும் அப்பாவைக் கொடுமைக்காரர் என்று சொன்னதில்லை.

டோரதி மேடம் எங்கள் கிளினிக்குக்கு வந்தது மார்ச்சில். பெரிய குடும்பம். மகளுக்குச் சர்ச்சில் கல்யாணம், மூன்று வாரம்தான் இருந்தது. இந்த மிஷினில் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், பல சிட்டிங் வேண்டும். அவருக்கு அந்தப் பொறுமை இல்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மகா, இவங்களுக்கு ஒரே சிட்டிங்ல தெரியணும். ஆனா ஒரு மார்க் விழக்கூடாது. எவ்ளோ ஏத்தலாம்னு நீயே பாத்துக்கோ. எலெக்ட்ரானிக் சிட்டி பிராஞ்சுக்கு ஒரு இன்சார்ஜ் வேணும்னு தேடிட்டிருக்கேன், தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். எவ்வளவு ஏற்றலாம் என்பதுதான் தெரியாது. புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்கு மேலே நான் போனதில்லை. போனவர்கள் சொல்வதில்லை.

அந்த வாரம்தான் சந்திரம்மாக்கா பேச்சை எடுத்தாள். எங்கள் சந்தில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள். ஊர் கோலார் பக்கம். தெரு பெருக்குகிற வேலை, காலையில் இருட்டோடு போய்விடுவாள். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. எங்களோடு தமிழ் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் கன்னடம். எனக்குத் தெரிந்து அவள் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அன்றைக்குக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"ஏன் மகா, உங்கப்பன் துணிக்கு இஸ்திரி போட்டான், நீ மூஞ்சிக்குப் போடுறியாமே. நெஜமா?"

"நெஜந்தான்க்கா."

"அப்ப எனக்கும் ஒரு தேய்ப்பு தேய்ச்சி உடேன். மடிப்பு ஜாஸ்தி ஆயிடுச்சி."

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "இந்த வயசுல யாரு பாக்கப் போறா உன்ன?" என்று ஒருத்தி கேட்டாள். "உன் வீட்டுக்காரன் பாக்குறானே, போதாதா?" என்று திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். வேலையை நிரந்தரம் செய்யப் போகிறார்களாம். ஐம்பத்தைந்துக்கு மேலே இருந்தால் எடுக்க மாட்டார்களாம். அவளிடம் பிறந்த தேதிக்குக் காகிதம் எதுவும் இல்லை. காகிதம் இல்லாதவர்களுக்கு முகத்தைப் பார்த்து வயசு போடுவார்கள் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறான்.

"எனக்கே தெரியாது மகா எனக்கு எவ்ளோ வயசுன்னு. ஆனா மூஞ்சி அறுபதுன்னு சொல்லுது. வெயில்ல நின்ன மூஞ்சி. நீ ஒரு அஞ்சு வருஷம் கொறைச்சிக் குடு, போதும். வர்ற புதன்கெழம கூப்ட்டுருக்காங்க."

ரெண்டு கன்னமும் செய்து தருகிறேன் என்றேன். காசு வேண்டாம் என்றேன். அவள் என் தாடையைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டாள்.

அவள் மேல் எனக்கு எந்த வன்மமும் இல்லை, மேடம். இதை எழுதிக்கொள்ளுங்கள். அவளை எனக்குப் பிடிக்கும். கேட்டு வந்தவளும் அவள்தான். கேட்காத யாரையாவது கூட்டிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தால் அது நியாயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் லீவு. சாவி என்னிடம் இருக்கும். மத்தியானம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். தலைக்கு எண்ணெய் வைத்து, புடவை மாற்றி வந்திருந்தாள். கட்டிலில் படுத்ததும், "ஐயோ, மெத்தை இன்னாமா அமுங்குது" என்று சிரித்தாள். செய்வதற்கு முன்னும் பின்னும் படம் எடுப்பது எங்கள் வழக்கம், அதனால் போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோவை ஆன் செய்தேன்.

ரெண்டு கன்னத்திலும் மரத்துப்போகிற க்ரீமைப் பூசினேன். கனமாகவே பூசினேன். அதன் மேல் பிளாஸ்டிக் தாள் ஒட்டி ஊறவிட்டேன். அப்புறம் வலது பக்கத் தாளை மட்டும் உரித்துத் துடைத்துவிட்டு ஆரம்பித்தேன். பேசக் கூடாது, வாய் அசைந்தால் கன்னம் அசையும், கை தவறும் என்று சொல்லியிருந்தேன். சரி என்று கண்ணால் சொன்னாள்.

புத்தகத்து அளவில் ஒரு சுற்று போனேன். ஒன்றுமில்லை. ஒரு படி ஏற்றினேன். அதிலும் ஒன்றுமில்லை. இன்னும் ஒரு படி ஏற்றியபோது காலை இழுத்துக்கொண்டாள், ஆனால் வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான். வேலை செய்கிறவர்களிடம் வலிக்கிறது என்று சொன்னால் அவர்களைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும் என்று நினைப்பார்கள். டோரதி மேடம் மாதிரி ஆட்கள் மிஷின் தொடுவதற்கு முன்னாலேயே கத்துவார்கள். அவர்கள் முகத்தில் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

அதற்கும் அடுத்த படியில்தான் அவள் சொன்னாள். பல்லைத் திறக்காமல், மெதுவாக.

"உரி... உரி, மகா."

போனில் அது தெளிவாகக் கேட்கிறது. நான் சொன்ன பதிலும் கேட்கிறது. "அந்தப் பக்கம் அப்புறம் உரிக்கிறேன்க்கா."

தமிழில் உரி என்றால் உங்களுக்கு என்ன அர்த்தமோ அதுதான். இடது கன்னத்தில் தாள் அப்படியே இருந்தது. அதை உரிக்கச் சொல்கிறாள் என்று யாரும் நினைக்கலாம். போலீஸ் ஸ்டேஷனிலும் அப்படித்தான் எழுதினார்கள். கன்னடத்தில் உரி என்றால் எரிச்சல். எரிகிறது, எரிகிறது என்றுதான் அவள் சொன்னாள். வாயை அசைக்கக் கூடாது என்பதால் பாதிச் சொல்லோடு நிறுத்திக்கொண்டாள்.

புண்ணுக்குக் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். ஸ்டேஷனில் நான் தமிழிலேயே பேசினேன். ஒரு கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டருக்குக் கன்னடத்தில் சொன்னார். "இஷ்டு வர்ஷ ஆய்த்து, கன்னட பரல்வா?" என்று இன்ஸ்பெக்டர் என்னைத் திட்டினார். இத்தனை வருஷமாகியும் கன்னடம் வரவில்லையா என்று. தலையைக் குனிந்துகொண்டேன். சந்திரம்மாக்கா கன்னத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "தப்பு எம்மேலதான் சார். அவ தமிழ்ப் பொண்ணு, நான் தமிழ்ல சொல்லியிருக்கணும்" என்று கன்னடத்தில் அவரிடம் சொன்னாள். தெரியாமல் நடந்தது என்று எழுதி, ரெண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் வரும்போது எனக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தது அவள்தான்.

நீங்களும் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுத்தான் வந்தீர்கள். கிளினிக்தான் பொறுப்பு, பாஷை தெரியாத பெண்ணை வேலைக்கு வைத்தது அவர்கள் தப்பு என்று கேஸ் போடப் பார்க்கிறீர்கள். வந்து உட்கார்ந்ததும், "நீங்க எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?" என்று சும்மா கேட்டீர்கள். ஸ்டேஷனில் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். நான் பொய் பேசுகிறவள் இல்லை.

ஸ்ரீராம்புரத்தில் கன்னட மீடியத்தில் படித்தேன். பத்தாவதில் எனக்கு அதிக மார்க் கன்னடத்தில்தான். உரி என்ற சொல்லை ஸ்கூலுக்குப் போவதற்கு முன்பே தெரியும். இஸ்திரிப் பெட்டியிலிருந்து கரி என் காலில் விழுந்தபோது, துணி கொடுக்க வந்த அம்மா ஒருத்தர் என் காலைத் தண்ணீரில் வைத்து, "உரியா, உரியா கந்தா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எரியுதா கண்ணு என்று அர்த்தம்.

அதனால் சந்திரம்மாக்கா சொன்னதும் எனக்குப் புரிந்தது. முதல் உரியிலேயே புரிந்தது. அந்தப் பதிலை நான் போனுக்காகச் சொன்னேன். யோசித்து வைத்திருந்தது இல்லை, அந்த நேரத்தில் தானாக வந்தது.

ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்கள். எரிகிறது என்று வாய் சொல்கிற இடம் ஒன்று. தோல் கெடுகிற இடம் வேறு. நடுவில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால்தான் டோரதி மேடத்துக்கு நம்பிக்கையாகச் செய்ய முடியும். சொன்ன இடத்திலேயே நிறுத்தியிருந்தால் அவளைக் கூட்டிவந்ததே வீண். அதனால் மேலே ரெண்டு படி போனேன். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. அதையும் துடைத்துவிட்டேன். இல்லாவிட்டால் கன்னத்தில் பூசிய ஜெல் கலைந்துவிடும்.

தோலின் நிறம் மாறியதும் நிறுத்திவிட்டேன். வேண்டிய அளவு அதற்கு முந்தின படி என்று தெரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை கொப்புளம் உடைந்தது. புதன்கிழமை அவள் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனாள். கழற்றச் சொன்னார்களாம். கழற்றினாளாம். லிஸ்டில் அவள் பெயர் வரவில்லை. இருந்த வேலையையும், புண் ஆறட்டும் என்று மேஸ்திரி வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான். இப்போது கன்னத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, விரல் நுனி உள்ளே போகும். உள்ளே இருந்த கொழுப்பு உருகிவிட்டால் அப்படி ஆகும். திரும்ப வராது.

டோரதி மேடத்துக்கு வெள்ளிக்கிழமை செய்தேன். "ஹாட், ஹாட், ஸ்டாப்" என்று கத்தினார். "ஒண்ணும் ஆகாது மேடம்" என்று சொல்லிக்கொண்டே போனேன். பயமே இல்லை, எனக்கு அளவு தெரியும். ஒரு மார்க் விழவில்லை. கல்யாணப் படத்தை டாக்டருக்கு அனுப்பியிருந்தார். அதை ரிசப்ஷனில் மாட்டியிருக்கிறோம். எலெக்ட்ரானிக் சிட்டி பிராஞ்ச் எனக்கு வந்தது. நீங்கள் உட்கார்ந்திருப்பது அதில்தான்.

சந்திரம்மாக்கா என்னோடு பேசுகிறாள். போன வாரம்கூடக் குழாயடியில் என் குடத்தைப் பிடித்து வைத்திருந்தாள். பார்க்கிறவர்கள்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் குழி, ஒரு பக்கம் தொங்கல், பார்க்க ஒழுங்காக இல்லை, அது எனக்கே தெரிகிறது.

நான் செய்ததை மறைக்கவில்லை, மேடம். எரிகிறது என்று தெரிந்தே சுட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். ஆனால் ஒரு தரம் ஒத்துக்கொண்ட வேலையை நான் பாதியில் விட்டதில்லை. ரெண்டு கன்னமும் செய்து தருகிறேன் என்றுதான் அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். இடது கன்னம் இன்னும் பாக்கி இருக்கிறது.