சிவப்பு வேற, அரக்கு வேற

இல்ல சிஸ்டர், என் பேர கூப்டாங்கதான். கலையரசி நான்தான். பின்னால வந்தவங்கள நீங்க போங்க நீங்க போங்கன்னு நானே அனுப்பிக்கினு இருக்கிறேன். டாக்டரு உள்ள இன்னா சொல்வாரோன்னுதான்.

இந்தாங்க, இதான் மோஷன் டெஸ்ட் ரிசல்ட்டு. நீங்களே பாத்து சொல்லுங்க. ம், பிளட் பாசிட்டிவ்தான. அது மட்டும் எழுத்துக்கூட்டி படிச்சேன். பாசிட்டிவ்னா கெட்டதுன்னு கொரோனாலயே கத்துக்கினோமே.

அப்டியா. ரத்தம் கலந்து இருக்குதுன்னு மட்டும்தான் அர்த்தமா. எங்கேந்து வருதுன்னு இதுல தெரியாதா. மூலமா இருக்கலாம், குடல்ல புண்ணா இருக்கலாம், வேற எதுனா இருக்கலாமா. அந்த வேற எதுனாங்கிறத மட்டும் ஏம்மா மெதுவா சொல்றீங்க.

போன வாரம் டாக்டரு கேட்டாரு, ரத்தம் இன்னா கலரு, பளிச்சுனு சிவப்பா, இல்ல கருப்பு கலந்தா மாதிரியான்னு. சிவப்புன்னு சொல்லிட்டேன். அப்போ மூலமா இருக்கும்னு களிம்பு எழுதி குடுத்தாரு. எதுக்கும் இதையும் பாத்துடலாம்னுதான் டெஸ்டு. மோஷன் எடுத்த டப்பாவ முந்தானைல சுத்தி எடுத்தாந்தேன், பஸ்ல பக்கத்துல குந்தினு இருந்த அம்மா இன்னாமா ஊறுகாயான்னு கேக்குது. சிரிக்கிறதா அழுவறதா.

களிம்பு போட்டும் நிக்கல. பீட்ரூட்டா இருக்கும்னு அத நிறுத்தனேன், வெத்தலைய நிறுத்தனேன். காத்தால எழுந்தா பாத்ரூம் பக்கம் போவவே பயம். வூட்டுக்காரரு கீழ வண்டிலதான் குந்தினு இருக்காரு. வாயுக்கோளாறுன்னு சொல்லி வெச்சிக்கிறேன்.

எனக்கு சாயப்பட்டறைல வேலைமா, பட்டு நூலுக்கு சாயம் போடறது. ஒரு துண்டு நூல காட்டி இதே கலரு வேணும்னு சொன்னா, அதே கலர எடுத்து குடுத்துடுவேன். எங்களுக்கு சிவப்பு வேற, அரக்கு வேற. ஆமா, முகூர்த்தப் புடவைல வருமே, கொஞ்சம் கருப்பு ஓடிக்கினு, அதான். சிவப்பு கேட்டவங்களுக்கு அரக்க குடுத்தா நூல திருப்பி மூஞ்சிலயே வுட்டெறிவாங்க.

எனக்கு போறது சிவப்பு இல்லமா.

தெரிஞ்சேதான் சொன்னேன். சிவப்புன்னதும் டாக்டரு மூஞ்சி சாதாரணமா ஆச்சு. அத பாத்து எனக்கும் உயிர் வந்துச்சு. இப்ப உள்ள போனா, ஆமா, மூலத்து ரத்தம்தான் டெஸ்டுலயும் வந்துக்கீதுன்னு அதே களிம்ப குடுத்து அனுப்பிடுவாரு. பேப்பர்ல ரத்தம் இருக்குதுன்னுதான் போட்டுக்கிறாங்க, கலரு போடலியே.

சொல்லலாம்தான். வாய் வர மாட்டேங்குது. அத்தொட்டுதான் இத எடுத்தாந்தேன், பர்ஸ்ல. பட்டு நூல்தாம்மா, தொட்டு பாருங்க. நேத்து பட்டறைல ஒவ்வொன்னா வெளிச்சத்துல புடிச்சி பாத்து எடுத்தது. காத்தால நான் பாத்த கலருக்கு அச்சா ஒத்து வருது. நீங்க இத டாக்டரு டேபிள் மேல வெச்சிடுங்க போதும். அரக்குன்னா அவருக்கு புரியாட்டி போவுது, கண்ணால பாக்கட்டும்.

நீங்களும் உள்ள வர்றீங்களா. கைய புடிச்சிக்குங்கமா.

இல்ல, முன்ன எனக்கு இப்டி வந்ததில்ல. எங்க அண்ணன் அந்தோணிக்கு வந்துச்சு, வாலாஜாபாத்ல ரைஸ் மில்லுல இருந்தான். படுத்த படுக்கையா ஆனப்ப அவன் துணிய நான்தான் அலசனேன். போன தவக்காலத்துல அடக்கம் பண்ணோம். அவனுக்கும் இதே அரக்குதாம்மா. கேட்ட டாக்டருங்க எல்லார்கிட்டயும் அவன் சிவப்புன்னுதான் சொன்னான்.