நம்மூர் மலை இல்லாத படம்

குரங்குக் குல்லாய் போட்டால் எனக்குக் காது கேட்காது என்பாள் என் மனைவி கஸ்தூரி. போடாவிட்டாலும் கேட்பதில்லை என்பது அவளுடைய தனிப்பட்ட அபிப்பிராயம். ஆனால் மேடம், அன்றைக்குப் பழவேற்காட்டில் அந்தக் கடற்காற்றிலும் படகுக்காரர் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"குச்சி நட்டிருக்கு பாருங்க சார், அதுக்கு அந்தாண்ட போயிடாதீங்க. சேறு ஆள உள்ள வாங்கிடும். ஒம்பது மணிக்கு மேல தண்ணியும் ஏறும்."

என்னோடு பறவை பார்க்க வந்த தருமன் அப்போது பத்தடி தள்ளிக் காற்றில் பறந்த தொப்பியைத் துரத்திக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்கவில்லை.

நான் வேங்கிக்காலில் ஜெராக்ஸ் கடைக்காரன். கிரிவலத்தையே நாலு இடத்தில் உட்கார்ந்து முடிக்கிற உடம்பு. போன மார்கழியில் நம்மூர் ஏரியில் கருநாரை வந்ததாக ஒரு படம் காட்டினேன். எங்கள் பறவைக் குழு பொன்னாடை போர்த்தியது. பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் என்னை 'நாரை மாமா' என்றார்கள். ஐம்பது வயதுவரை யாரும் என்னை எந்த மாமாவாகவும் மதித்ததில்லை.

தருமன் கீழ்பென்னாத்தூரில் டிராயிங் மாஸ்டர். நம்மூர் மலையை எட்டுத் திசையிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு வரைவான். அன்று காலை காரில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"யோவ் அருணகிரி, பின்னால நிக்குதே, அது எந்த ஊரு மலைய்யா? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல சொல்லணும்யா. பசங்க சிரிச்சே செத்துடுவாங்க."

படம் என் மைத்துனன் செஞ்சிப் பக்கம் எடுத்தது. நானும் சிரித்தேன்.

படகு எங்களை மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போனது. தூரத்தில் பூநாரைகள். "குச்சிக்கு அந்தாண்ட போனா கிட்டத்துல தெரியும்யா" என்றேன்.

"நீ வரலியா?"

"இந்தத் தொப்பைய வெச்சுக்கினா? நீ போய்யா."

போனான். இடுப்புவரை இறங்கிய பிறகும் சிரித்துக்கொண்டுதான் கயிறு கேட்டான். நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். பறவைகளுக்குப் பக்கத்தில் சத்தம் போடக் கூடாது என்பது எங்கள் குழுவின் முதல் விதி. அவன் நல்ல மனுஷன். கொஞ்ச நேரம் விதியை மதித்து மெதுவாகவே கூப்பிட்டான். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது பைனாகுலரில் பார்த்தேன். முகம் ரொம்பக் கிட்டத்தில் இருந்தது.

"மலையப் பத்தி யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்யா" என்று கத்தினான்.

அந்தச் சத்தத்தில் பூநாரைகள் மொத்தமும் எழுந்துவிட்டன. எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவு தூரம் பறந்து வந்த ஜீவன்கள்.

கயிறு என் பையில்தான் இருந்தது, ஸ்டேஷனில் சோதனை போட்டபோது நீங்களே எடுத்தீர்கள். அவனை அங்கே அனுப்பியது நான். நின்று பார்த்ததும் நான். என் நோட்டில் அன்றைய பக்கத்தையும் பாருங்கள் மேடம். பூநாரை என்று எழுதி, எண்ணிக்கையை விட்டிருப்பேன். எண்ணி முடிக்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக எழுதுகிற ஆள் நான் இல்லை.