பின்பக்கத்து இடது ஸ்பீக்கர்

– அந்த நீட்டுக் கட்டைய எடுத்துடு மச்சான். அது வேணாம்.

– மாமா, இன்னும் ஒரு பாட்டுகூட முழுசா கேக்கல நீங்க. சவுண்ட் பார்னா சிம்பிள். டிவிக்குக் கீழ வெச்சோமா, ஒரே ஒயரு, வேல முடிஞ்சுது. கம்மி பட்ஜெட்னு என் கடைக்கு வர்றவங்களுக்கு நான் இதத்தான் எடுத்துக் குடுப்பேன்.

– அதுல பேசுறது புரியல.

– புரியலியா? அக்கா, உனக்கு?

– எனக்கு நல்லாத்தான்டா கேக்குது எழிலா. அவருக்குத்தான் எப்பப் பாரு இதே கத. பேசுறது புரியலன்னு சவுண்ட ஏத்திக்கினே போவாரு. பக்கத்து வூட்டு மகாலட்சுமி வந்து எட்டிப் பாத்துட்டுக் கேக்குறா, வூட்ல எதுனா விசேஷமாக்கான்னு.

– இன்னொண்ணு எடுத்தாந்தியே, அஞ்சு பொட்டி. அத மாட்டு.

– ரெண்டயும் கேட்டுப் பாருங்கன்னுதான் எடுத்தாந்தேன். ஆனா இந்த ரூமுக்கு அது அதிகம் மாமா. பின்னாடி ரெண்டு பொட்டிக்கு செவுரு ஓரமா ஒயரு இழுக்கணும், ஆணி அடிக்கணும். பேஸ் பொட்டிய மூலைல வெச்சா பீரோ கடகடன்னு ஆடும்.

– ஆடட்டும்.

– அக்கா, நீ இன்னா சொல்ற?

– அவரு கேக்குறத மாட்டுடா. அந்த அமாவாசைக்கப்புறம் அவரு வாயத் தொறந்து வேணும்னு கேட்டது இது ஒண்ணுதான். சோறுகூட கேக்குறதில்ல. வெச்சா சாப்புடுறாரு, வெக்கலன்னா அப்பிடியே உக்காந்திருக்காரு.

– சரி, அஞ்சு பொட்டியே மாட்டிடலாம். மாமா, அந்த ஸ்டூல கொஞ்சம் புடிங்க. முதலாளி கூப்புட்டாரா?

– ம்.

– இன்னான்னாரு?

– வர்ற அமாவாசைக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸ எடுக்கச் சொன்னாரு.

– போறீங்களா?

– போணும். சும்மா உக்காந்து இன்னா பண்றது.

– அதான் சரி. உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லன்னு போலீஸ்ல எழுதிட்டாங்க. பீமாராவ் மாதிரி ஒரு டிரைவர் இந்த ரூட்லயே கெடையாதுன்னு முதலாளியே ஸ்டேஷனுக்கு வந்து சொன்னாரு. கேசு கண்டக்டர் ராமச்சந்திரன் மேலதான. படில ஆளு எறங்குதா ஏறுதான்னு பாக்குறது அவன் வேல.

– அவன் பேச்சு வேணாம் மச்சான்.

– சரி, எடுக்கல.

– நான் போயி சுத்தி எடுத்தாறேன்.

– பின்னாடி ஷெட்ல இருக்குதுங்க. ஷெட்ல! ம், போயிட்டாரு. பாத்தியாடா, நாம பேசுனா திரும்பிக்கூட பாக்குறதில்ல.

– மனசு சரியில்லக்கா. கண்ணு முன்னாடி ஒரு உசுரு போயிருக்குது.

– கண்ணு முன்னாடிகூட இல்ல, முதுகுக்குப் பின்னாடி. அவலூர்பேட்டைல பூ விக்குற அம்மா, சின்னப்பொண்ணுன்னு பேரு. எறங்குன பொம்பள, பூக்கூடய வண்டிலயே வுட்டுட்டோம்னு திரும்ப படில கால வெச்சிருக்குது. வண்டி கெளம்பிடுச்சு. பின்சக்கரத்துல போயிடுச்சு.

– அந்த ராமச்சந்திரன் ஒரு விசில் குடுத்திருந்தா நின்னிருக்கும்.

– அவரு குடுத்தேன்றாரு. ரேஷன் கடைல அவரு பொண்டாட்டி ஜெயஸ்ரீ என்ன மடக்குனா. "என் வூட்டுக்காரரு நிறுத்தச் சொல்லி விசில் மேல விசில் அடிச்சாருக்கா, உங்க வூட்டுக்காரரு பொய் சொல்லி எங்க சோத்துல மண்ண போட்டுட்டாரு"ன்னா. வேல போயி இப்ப அவரு சந்தைல மூட்ட தூக்குறாராம்.

– நீ இன்னா சொன்ன?

– விசில் வந்திருந்தா அவரு பிரேக் போட்டிருப்பாரு, என் வூட்டுக்காரருக்குப் பொய் வராது, போடின்னேன். எத்தினி வருஷமா ஓட்டுறாரு, ஒரு நாய்மேல ஏத்துனதில்ல.

– இந்தா மச்சான் சுத்தி.

– குடுங்க. அக்கா, ஒயரு தொங்காம புடிச்சிக்க. அவ்ளோதான். மாமா, நடுவுல அந்த சேர்ல டிவியப் பாத்து உக்காருங்க. ஒவ்வொரு பொட்டிலேருந்தும் கர்ருன்னு ஒரு சத்தம் வரும். வந்தா வருதுன்னு சொல்லுங்க. முன்னாடி வலது?

– வருது.

– நடு?

– வருது.

– முன்னாடி இடது?

– வருது.

– பின்னாடி வலது?

– வருது.

– பின்னாடி இடது?

– வருது. நல்லா இருக்குது.

– மாமா, அந்தப் பொட்டிக்கு இன்னும் ஒயரே குத்தல. ஒயரு என் கைல இருக்குது.

– அப்ப அடுத்த பொட்டிலேருந்து எதிரொலிச்சிருக்கும்.

– டிவில எந்தப் பொட்டின்னு எழுத்து வருதே, அதப் பாத்து சொன்னீங்களா?

– அதெல்லாம் இல்ல. நீ ஒயர குத்து. ஒரு படத்த போடு, பாப்பம்.

– போடுறேன். அக்கா, இங்க வா. படம் ஓடட்டும். நான் அவருக்கு எடது பக்கம் பின்னால நிக்கிறேன், நீ அவரு மூஞ்சிய மட்டும் பாரு. மாமா! மாமா, டீ குடிக்கிறீங்களா? மாமா, வூடு பத்திக்கிச்சு மாமா!

– எழிலா, அவரு கண்ணுகூட அசையலடா.

– நீ போயி தொடு.

– இன்னாடி, ஏன் தோள புடிச்சு உலுக்குற?

– என் தம்பி உங்க முதுகுக்குப் பின்னால நின்னு வூடு பத்திக்கிச்சுன்னு கத்துறான்.

– படம் ஓடுதில்ல, அந்தச் சத்தத்துல.

– அந்தச் சத்தத்துலதான் எனக்குக் கேட்டுது. எத்தினி நாளா இப்பிடி?

– எடது காது மட்டுந்தான். வலது நல்லா இருக்குது.

– எத்தினி நாளாங்க?

– போன ஆடிலேருந்து. சளின்னு நெனச்சேன். அப்புறம் பழகிப் போச்சு. எதிர்ல வர்ற வண்டி ஆரன் வலதுலயே கேக்கும். ஓட்ட அது போதும்.

– கண்டக்டர் எந்தப் பக்கம் நிப்பாரு?

– இப்ப எதுக்கு அதெல்லாம்?

– கேக்குறேன்ல. படி எந்தப் பக்கம்?

– எடது பக்கம். பின்னால.

– அப்ப விசில் கேக்காம எப்பிடி வண்டிய எடுப்பீங்க, எப்பிடி நிறுத்துவீங்க?

– கண்ணாடில ராமச்சந்திரன் கை தெரியும். அதப் பாத்துக்குவேன். அன்னிக்கி படில அவ்ளோ கூட்டம், கண்ணாடியே தெரில. எல்லாரும் எறங்குனாப்பல இருந்துது, எடுத்துட்டேன்.

– ஸ்டேஷன்ல இன்னான்னு சொன்னீங்க?

– விசில் வரலன்னு.

– வரலியா, கேக்கலியா?

– எனக்கு வரல கலை. விசில் வரல, அந்தம்மா கத்துனது வரல, ஜனம் கத்துனது வரல. யாரோ முன்னாடி ஓடியாந்து கைய ஆட்டுனாங்க, அப்பதான் நிறுத்துனேன். எறங்கிப் போயி பாத்தேன். பூவெல்லாம் ரோட்டுல கெடந்துது. எனக்கு அழுககூட வரல. இன்னிக்கு வரைக்கும் வரல. பக்கத்துல யாருக்கோ நடந்தாப்பல இருக்குது. இந்தப் பொட்டிய வெச்சா எதுனா ஒண்ணு உள்ள போவுமான்னு பாத்தேன்.

– அக்கா, நான் சொல்றத கேளு. இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும். திண்டிவனத்துல காது டாக்டர் இருக்காரு, கூட்டினு போயி மெஷின் வெச்சிடலாம். வெளிய தெரிஞ்சா லைசென்ஸ் போயிடும். கேசு அப்பிடியே மாமா மேல திரும்பும். உன் பொண்ணு பூங்குழலி காலேஜ் படிக்கிறா, அவள நெனச்சுப் பாரு.

– அவளத்தான்டா நெனைக்கிறேன். ஜெயஸ்ரீக்கும் ஒரு பொண்ணு இருக்குது. ஏங்க, நீங்க இன்னா சொல்றீங்க?

– எனக்கு ஒண்ணும் தோணல. நீ சொன்னா சரி.

– நான் சொல்ல முடியாதுங்க. வண்டி ஓட்டுனது நீங்க.

– ஸ்பெஷல் எடுக்க மாட்டேன். அது மட்டும் தெரியுது.

– சரி. எழிலா, அந்தச் செட்ட நிறுத்து.

– அக்கா, அவசரப்படாத.

– நிறுத்துடா. ஏங்க, இப்பிடி வந்து உக்காருங்க. நான் உங்களுக்கு வலது பக்கம் உக்காந்துக்கிறேன். நான் பேசுறது உங்களுக்கு முழுசா கேக்கணும்.

– யாருக்குப் போன் போடுற?

– கேட்டுக்கினே இருங்க. ஹலோ, ஜெயஸ்ரீ? நான் கலைச்செல்வி பேசுறேன். வெச்சிடாதம்மா, திட்டுறதுன்னா அப்புறம் திட்டு. உன் வூட்டுக்காரரு அன்னிக்கி விசில் அடிச்சாரு.