நாலு கண்காட்சி, ஒரு நாற்காலி

இருந்தவர்கள்: மியூசியத்தின் இரவுக் காவலாளி, முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அவருடைய அக்கா புருஷன், சுவருக்கு வெள்ளையடிக்க வந்த பெயிண்டர். போனின் மறுமுனையில் காப்பாட்சியர். இடம், தற்காலிகக் கண்காட்சிக் கூடம். காலி செய்த கூடத்தின் நடுவே ஒரே ஒரு சலூன் நாற்காலி.

ஹலோ... ஹலோ, சார்? வாட்ச்மேன் பேசறேன்... ஆமா, ஆமா, கூடத்துலதான் நிக்கறேன்... இல்ல சார், மழைத்தண்ணி ஒண்ணும் இறங்கல. மாமா வந்திருக்காரு. எங்க அக்கா வீட்டுக்காரர்... சலூன், ஆமா. நாற்காலிய எடுத்துட்டுப் போக. வெளிய லோடு வண்டி நிக்குது.

...

எந்த நாற்காலியா? சார், நீங்கதான சார் கேட்டீங்க! அவரு கடையில, இதே நாற்காலில சாஞ்சு உட்கார்ந்து, மூஞ்சி பூரா நுரையோட கேட்டீங்க. "ஒரு கண்காட்சிக்கு மட்டும் குடுப்பா, முடிஞ்சதும் வந்துரும்"னு... ஆமா... ஆமா, நல்லா ஓடிச்சு, யாரு இல்லைன்னா?

...

அது மொத கண்காட்சி சார். கடைத்தெரு. சரி. அப்புறம் "ஓய்வு"ன்னு ஒண்ணு வெச்சீங்க, அதுலயும் இதான். அப்புறம் அந்த நவீன ஓவியர் இது மேல சாக்கு மூட்டைய வெச்சு "காத்திருப்பு"ன்னாரு. கடைசியா மருத்துவக் கண்காட்சி. பல் டாக்டர் நாற்காலின்னு அட்டை எழுதி வெச்சீங்க... சிரிக்காதீங்க சார். ஸ்கூல் பிள்ளைங்க பாத்துட்டு அழுதுச்சு. மாமாவே வந்து அட்டையப் படிச்சுட்டு, "நான் எப்படா பல்லு புடுங்கினேன்"னாரு.

...

சிகப்பு நம்பரா? பாத்தேன். கால் வைக்கிற தட்டுல... நம்பர் போட்ட பொருள் வாசலத் தாண்டக் கூடாது, தெரியும் சார், அந்தச் சட்டத்துக்குத்தான நான் வாசல்ல நிக்கறேன். போட்டது யாரு? இருங்க... அண்ணே, யாரு போடச் சொன்னா?... சார், கூடத்தக் காலி பண்ணும்போது மிச்சம் கிடக்கறதுக்கெல்லாம் நம்பர் போடச் சொன்னீங்களாம். பெயிண்டர் சொல்றாரு.

...

வருஷம் பூரா இங்கயே கிடந்துச்சு, அதனால மியூசியம் பொருள்னு நெனச்சுட்டீங்க. நல்லாருக்கு சார். நானுந்தான் வருஷக்கணக்கா இங்க கிடக்கறேன். முதுகுல ஒரு நம்பர் போட்டுருங்க.

...

சரி, சரி, கத்தல. நீங்களும் கத்தாதீங்க... கேளுங்க. அவரு கடையில இருந்ததே ரெண்டு நாற்காலி. கூட வேலை பாத்தவரு, ஆளை நிக்க வெச்சா வெட்டறதுன்னு எதிர்க் கடைக்குப் போயிட்டாரு. அவரு பின்னாடியே பாதி வாடிக்கை போயிருச்சு. இதுவும் வரலைன்னா கடையச் சாத்த வேண்டியதுதான். எங்க அக்கா என் மூஞ்சியில முழிக்கறதில்ல...

...

என்னது, நன்றிச் சான்றிதழா? அது மேல உட்கார வெச்சா ஷேவிங் பண்ணுவாரு?

...

பூட்டணுமா? இப்பவேவா?... ம்... ம்... மீறினா வேலை போயிரும். ம்... சொல்லி முடிச்சிட்டீங்களா சார்? ஒரு நிமிஷம், வெக்காதீங்க.

மாமா, முதுகுப்பக்கம் நீங்க பிடிங்க... அட, பிடிங்க மாமா! என் வேலையப் பத்தி அக்காகிட்ட நான் பேசிக்கறேன்... அண்ணே, ஏணிய நகத்துங்க. அடி கனம். பாத்து, பாத்து, விரலு... தூக்குங்க...

...

இருக்கேன் சார். மூச்சு வாங்குது, வேற ஒண்ணுமில்ல... சத்தமா? வண்டிச் சத்தம்... ஆமா. ஏத்தியாச்சு.

...

திட்டுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... ஆமா, தெரிஞ்சேதான் பண்ணினேன்... நாளைக்கு வேற ஆளப் போட்டுக்கங்க சார். இன்னிக்கு ராத்திரி நான் பாத்துக்கறேன், மத்ததெல்லாம் உங்களுதுதான்...

மாமா, இன்னும் ஏன் நிக்கறீங்க? மன்னிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம். போய்க் கடையத் திறங்க. கிளம்புங்க!

...

இப்பப் பூட்டறேன் சார்.

இரும்புக் கதவு இழுத்துச் சாத்தப்படுகிறது. உள்பக்கமிருந்து பூட்டு விழுகிறது.