பனைநார்க் கட்டு

பனைநாரைக் காய்ந்தபடியே கட்டினால் முடிச்சு நழுவிவிடும். நனைத்துக் கட்டி உலரவிட வேண்டும். எங்கள் மண்டியிலிருந்து போன கருப்பட்டிச் சிப்பம் வழியில் அவிழ்ந்தது என்று டோல்கேட்டிலிருந்து மீஞ்சூர் வரை ஒரு கடைக்காரனும் சொன்னதில்லை. நுனியை உள்ளே மடக்கிச் செருகும் அந்தக் கட்டு என் தகப்பனார் போட்டது. வேறு மண்டியில் கிடையாது.

எண்ணூர் உப்பளத்தில் வரப்பை வெட்டியபோது கிடைத்த எலும்புகளில் நார் சுற்றியிருந்தது. கருப்பட்டி வியாபாரி என்ற முறையில் அதைப் பார்த்துச் சொல்லத்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. "எந்த மண்டியிலும் இருக்கிற நார்தான்" என்றேன். நாரைப் பற்றிச் சொன்னது உண்மை. கட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை.

டாக்டர் எலும்புகளை வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்திருந்தார். இடுப்பெலும்பு பெண்ணுடையது என்றார். காறையெலும்பின் முனை இன்னும் ஒட்டவில்லை, வயது இருபதை ஒட்டி இருக்கும் என்றார். இடது முன்கை எப்போதோ முறிந்து கூடியிருக்கிறது என்றார். பிறகு கால் பக்கம் வந்தார்.

"தலை தெற்கே வைத்து, பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கொன்று போட்டவன் இதெல்லாம் செய்யமாட்டான். வேண்டியவர்கள் யாரோ முறைப்படி அடக்கம் செய்திருக்கிறார்கள்."

படித்தவர். இரண்டு பேரும் ஒருவனாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஆவுடையம்மாள் என் மூத்த மகள். சிறு வயதில் சிப்ப அடுக்கில் ஏறி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்த நாளெல்லாம் நான்தான் சோறு ஊட்டினேன்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியான வருஷம், வீட்டில் எல்லோரையும் ஊருக்கு ரயிலேற்றினேன். அவள் ஏறவில்லை. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த செல்வநாதனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அவன் வேறு சாதி, வேறு வேதம். அவள் அழவில்லை, கெஞ்சவுமில்லை. நானும் கை ஓங்கவில்லை. பெண்பிள்ளைகளை அடிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். மண்டியில் எலிக்கு வைக்கிற மருந்து இருந்தது.

"இன்னுங் கொஞ்சம் கருப்பட்டி போடுங்கப்பா, கசக்குது" என்றாள்.

போட்டேன்.

அன்று சாலை முழுக்க மூட்டை ஏற்றிய வண்டிகள். என் வண்டியை யாரும் நிறுத்தவில்லை. உப்பளத்தில் ஆள் இல்லை. விரல்களைக் கட்டாமல் புதைக்க மனம் வரவில்லை. வண்டியில் கிடந்தது சிப்பத்து நார்தான். கை தனக்குப் பழகிய கட்டைப் போட்டுவிட்டது.

காலராவில் போய்விட்டாள் என்று ஊரில் சொன்னேன். செல்வநாதன் மண்டி வாசலுக்கு வந்தபோது அவனிடமும் அதையே சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான், போய்விட்டான். சண்டை முடிந்தது, சுதந்திரம் வந்தது. வேறு யாரும் கேட்கவில்லை.

இப்போதும் நான் பேசாமல் இருந்திருந்தால் வழக்கு அதோடு போயிருக்கும். ஆனால் பூவம்மா வந்தாள். துறைமுகத்தில் கரிக்கூடை சுமப்பவள். அவள் மகளும் அதே வருஷம் காணாமல் போனவளாம்.

"எலும்ப வச்சி இன்னாம்மா தெரியும் ஒனக்கு? கை ஒடிஞ்சி கீதாம். ஒம் பொண்ணுக்கு ஒடிஞ்சிதா?" என்று கேட்டார் கான்ஸ்டபிள்.

"கூலிக்காரி பொண்ணு, எங்கெங்க வியுந்தாளோ. ஒம் பொண்டாட்டிக்கு எத்தினி பல்லுன்னு ஒனக்குத் தெரியுமா? பெத்தவ சொல்றேன், எட்டப் போ." டாக்டரிடம் திரும்பினாள். "குட்த்துடு நைனா. எட்த்துகினு போயி ஒரு புடி மண்ணு போடணும்."

நீங்களும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்தீர்கள். அவர் தலையசைத்தார். அவள் முந்தானையை விரித்தாள். அதெல்லாம் கரித்தூள். அதில் என் மகளின் தலையை வாங்கப் போனாள். அவள் சனங்கள் சுற்றி உட்கார்ந்து, தங்கள் பெண் என்று சொல்லி அழுவார்கள். கொலையைப் பொறுத்துக்கொண்டு வாழ்ந்த எனக்கு இதைப் பொறுக்க முடியவில்லை.

"கீழே வை. அது எங்க வீட்டுப் பிள்ளை" என்றேன்.

எல்லோரும் கேட்டீர்கள்.

தூக்குக்கு நான் அஞ்சவில்லை. வெட்கம்தான் தின்கிறது. என் தகப்பனாரின் கட்டு கோர்ட்டு மேசையில் கண்ணாடிப் புட்டிக்குள் இருக்கப்போகிறது. என் மகன்கள் தெருவில் எப்படி நடப்பார்கள்? அதற்கும் அடியில் இன்னொரு வெட்கம் இருக்கிறது. யாரோ பெற்ற பிள்ளையின் எலும்புக்கு அந்தக் கரிக்காரி தேம்பினாள். பக்கத்தில் நின்ற எனக்குக் கண் நனையவில்லை.

எலும்புகளை யார் வாங்கிக்கொள்வது என்று கேட்டீர்கள். மகன்கள் தொடக்கூடாது என்று சொல்லியனுப்பிவிட்டேன். அவர்களுக்கு இனிமேல் பெண் எடுக்க வேண்டும்.

என்னை வெளியே கொண்டுவந்தபோது பூவம்மா படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒனக்கு வோணாம்னா எங்கைல குடு நைனா. யாரு பெத்தா இன்னா, அநாதியா கெடக்குதே."

என்னால் தலை நிமிர முடியவில்லை. ஆனாலும் மறுத்துவிட்டேன். எங்கள் வீட்டுப் பெண்ணை வெளியில் கொடுக்கிற வழக்கம் இல்லை.