வெள்ளிக் கால்

“நேத்து கனவுலயும் நான் வீல்சேர்லதாம்மா இருந்தேன்.”

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் படகில், எனக்கு முன்னால் இருந்த பெண்தான் இப்படிச் சொன்னாள். பேச்சு இப்படித் தொடங்கினால் காதை எப்படி மூடிக்கொள்வது? சக்கர நாற்காலியில் இருந்த அவளுக்கு முப்பது வயது இருக்கும். பக்கத்தில் அவளுடைய அம்மா. மழை விட்டிருந்தது. காயல் நீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடந்தன.

“கனவுல எப்பவும் நடப்பேன்னு சொல்லுவியே மோளே?”

“நேத்து நடக்கல.”

“வெள்ளிக்கடைக்குப் போற அன்னைக்கா இப்படி ஒரு கனவு! உனக்குக் கால் சரியாகணும்னு வெள்ளியில கால் செஞ்சு போடறதா அம்மனுக்கு நேர்ந்திருக்கேன்.”

“கெட்ட கனவு இல்லம்மா. காயலுக்குள்ள சரிவா ஒரு பாதை இறங்கிச்சு. அடியில ஒரு ஊர். எங்கயும் ஒரு படி கூட இல்ல. யாரும் என்னைத் தூக்க வரல, பாவம்னு சொல்லல. நீயும் பின்னால வந்த. முட்டி வலிக்கலன்னு சிரிச்ச.”

அம்மா தன் முட்டியைத் தடவிக்கொண்டார்.

“அப்போ என் நேர்ச்சை?”

“செய்வோம். காலுக்குப் பதிலா ஒரு சக்கரம் செய்யச் சொல்லு.”

படகு கரை சேர்ந்தது. படகின் தளமும் துறையும் ஒரே மட்டத்தில் இருந்தன. தூக்கிவிட நீண்ட அம்மாவின் கை பாதியில் நின்றது. அவள் சக்கரங்களைத் தானே உருட்டிக்கொண்டு இறங்கினாள். அம்மா பின்னாலேயே போனார்.

“வெள்ளிக்கடைச் சேட்டன் கேப்பாரே, இது எந்த உறுப்புன்னு?”

“என் மகளோட கால்னு சொல்லும்மா.”